இக்போ கிராமத்துக் குடும்பத் தோட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்க விவசாயம் என்றதும் வறண்ட நிலமும் மெலிந்த மாடும்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. நைஜீரியாவின் இக்போ கிராமம் அப்படிப்பட்டதல்ல. அங்கே ஒரு குடும்பம் நிலத்தை வைத்து எப்படி வாழ்கிறது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

இக்போ மக்கள் வாழும் பகுதி எது?

நைஜீரியாவின் தென்கிழக்கு. அனம்ப்ரா, எனுகு, இமோ, அபியா, எபோன்யி ஆகிய ஐந்து மாநிலங்களில் பெரும்பான்மையினர் இக்போ மக்கள்தான். டெல்டா, ரிவர்ஸ் மாநிலங்களிலும் கணிசமாக இருக்கிறார்கள். ஒரு காலத்தில் அடர்ந்த காடாக இருந்த பூமி. மார்ச், ஏப்ரல் வாக்கில் தொடங்கும் மழை ஆகஸ்டில் கொஞ்சம் ஓய்ந்து, மறுபடி பிடித்து அக்டோபர் வரை பெய்யும். டிசம்பர், ஜனவரியில் சகாரா பக்கமிருந்து தூசியைச் சுமந்துகொண்டு ஹார்மட்டன் காற்று வரும்.

ஊர் எப்படி இருக்கும்?

வீட்டோடு வீடு ஒட்டிய தெருக்களைத் தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு குடும்பமும் தன் தன் வளவுக்குள் இருக்கும். வளவைச் சுற்றி எண்ணெய்ப்பனை, வாழை, பலாவைப் போல மரத்திலேயே பெரிய காய் காய்க்கும் உக்வா, பழமரங்களான உபே, உடாரா என்று மரங்கள் நிற்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தோப்புதான் தெரியும், ஊர் தெரியாது. வளவின் முகப்பில் குடும்பத் தலைவரின் ஓபி என்னும் கூடம். விருந்தாளியை உட்கார வைப்பது, பங்காளிச் சண்டையைத் தீர்ப்பது எல்லாம் அங்கேதான். ஒரே முன்னோரின் ஆண்வழிப் பங்காளிகளை உமுன்னா என்பார்கள். நிலம் அவர்கள் வழியாகத்தான் கைமாறும். மண்சுவரும் ஓலைக்கூரையும் போய் இன்று சிமென்ட் சுவரும் தகரக்கூரையும் வந்துவிட்டன. வளவின் அமைப்பு மட்டும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு நிலம் இருக்கும்?

அதிகம் இருக்காது. ஆப்பிரிக்கக் கிராமப்புறங்களிலேயே மக்கள் மிக நெருக்கமாக வாழும் பகுதிகளில் இதுவும் ஒன்று. இருக்கிற நிலமும் ஒரே இடத்தில் இல்லாமல் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும்.

இரண்டு வகை நிலம் உண்டு. வீட்டை ஒட்டிய தோட்டத்தில் அடுப்புச் சாம்பல், ஆட்டுப் புழுக்கை, சமையல் கழிவு எல்லாம் விழுவதால் அது வருடம் முழுக்க விளையும். நடந்து போக வேண்டிய தூரத்து நிலத்தை ஒரு வருடம் பயிர் செய்துவிட்டுச் சில வருடங்கள் புதர் மண்ட விட்டுவிடுவார்கள். அந்த ஓய்வில்தான் மண் தேறும். முன்பெல்லாம் ஆறேழு வருடம் சும்மா கிடந்த நிலம் இன்று பல ஊர்களில் இரண்டு, மூன்று வருடத்திலேயே மறுபடி கொத்தப்படுகிறது. அங்குள்ள மண் அமிலத்தன்மை மிகுந்த மணற்பாங்கு மண். மழை அதன் சத்தைக் கரைத்துக் கொண்டு போய்விடும். இந்த ஓய்வு குறைந்துபோனதுதான் மற்ற எல்லாப் பிரச்சினைகளையும்விடப் பெரியது என்பேன்.

மாடு கட்டி உழுவார்களா?

இல்லை. செட்சி ஈ பரப்பும் நோய் மாட்டையும் குதிரையையும் கொன்றுவிடும். அந்த நோயைத் தாங்கும் முதுரு என்ற குள்ளமாடு ஒன்று உண்டு, ஆனால் அதை ஏரில் பூட்டும் வழக்கம் கிடையாது. மண்வெட்டியும் வெட்டுக்கத்தியும்தான் கருவிகள். வேருக்கும் கட்டைக்கும் நடுவே மண்ணைக் கூட்டிக் குவியல் போடுகிற வேலைக்கு ஏர் ஒத்தும் வராது. ஆடும் கோழியும் எல்லா வீட்டிலும் இருக்கும்.

வள்ளிக்கிழங்கு என்கிறார்களே, அது சர்க்கரைவள்ளியா?

இல்லை. மரவள்ளியும் இல்லை. கொம்பைச் சுற்றி ஏறும் கொடியின் அடியில், முழங்கை நீளத்துக்கும் மேலே இறங்கும் பெருங்கிழங்கு. குமரி மாவட்டத்தில் காச்சில் என்று சொல்லும் கிழங்கின் நெருங்கிய சொந்தம். இக்போ மொழியில் ஜி. உலகத்தில் விளையும் இந்தக் கிழங்கில் பாதிக்கு மேல் நைஜீரியாவில்தான் விளைகிறது. இந்தப் பக்கத்தில் வெறும் 'வள்ளி' என்று எழுதுவது இதைத்தான்.

ஒரு கிழங்குக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

காரணம் விதையில் இருக்கிறது. நெல்லில் ஒரு பிடி விதைத்தால் மரக்கால் கணக்கில் திரும்பி வரும். வள்ளிக்கு விதை என்பதே கிழங்குதான். தோண்டியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அடுத்த வருட நடவுக்கு எடுத்து வைக்க வேண்டும். பிள்ளைகள் பசியோடு இருந்தாலும் அதைத் தொடக்கூடாது. அப்படி வருடா வருடம் வயிற்றைக் கட்டி விதையைப் பெருக்கியவர்தான் பெரிய வள்ளி விவசாயி. ஊர் அவருக்கு எஸெ ஜி, அதாவது வள்ளி அரசர் என்று பட்டம் கொடுத்துக் கௌரவிக்கும். வயலில் வள்ளி திருடுவது நிலத்தாய் ஆலாவுக்கே செய்யும் தீட்டாகக் கருதப்பட்டது.

ந்ரி ஊரின் பழங்கதை ஒன்று உண்டு. பசி வந்த காலத்தில் தெய்வக் கட்டளைப்படி அந்த ஊரின் மூதாதையான ந்ரி தன் மகனையும் மகளையும் பலி கொடுத்துப் புதைத்தாராம். மகனின் குழியிலிருந்து வள்ளி முளைத்தது, மகளின் குழியிலிருந்து சேப்பங்கிழங்கு முளைத்தது. வள்ளி ஆண்பயிர், சேம்பு பெண்பயிர் என்ற பிரிவு அவ்வளவு ஆழத்துக்குப் போகிறது. புகழ் முழுக்க வள்ளிக்கே போய்ச் சேர்கிறது. வருடத்தின் பாதி நாள் குடும்பத்துக்குச் சோறு போடுவது எது என்று கேட்டால் கதை வேறு. அதைக் கீழே சொல்கிறேன்.

வள்ளி வயலில் வருடம் முழுக்க என்ன வேலை நடக்கும்?

ஜனவரி, பிப்ரவரியில் புதர் வெட்டி, காய விட்டு, எரிப்பார்கள். எண்ணெய்ப்பனையையும் பழமரங்களையும் விட்டுவிடுவார்கள். அப்புறம் குவியல். முழங்கால் உயரத்துக்கு, ஈரமான பூமியில் இடுப்பளவுக்கும் மேலே, மேல்மண்ணைச் சுரண்டிக் கூட்ட வேண்டும். வெயிலில் குனிந்தபடி நாள் முழுக்கச் செய்யும் இந்த வேலைதான் முதுகை ஒடிக்கும். வயதொத்தவர்கள் கூட்டமாகச் சேர்ந்து இன்று உன் நிலம், அடுத்து என் நிலம் என்று முறை வைத்துச் செய்வது பழைய வழக்கம். சாப்பாடும் பனங்கள்ளும் நிலத்துக்காரர் பொறுப்பு. இப்போது பெரும்பாலும் கூலிக்கு ஆள் வைக்கிறார்கள். எபோன்யி பக்கத்து ஆட்கள் இந்த வேலையில் பேர் பெற்றவர்கள்.

பெரிய கிழங்காக இருந்தால் துண்டு போட்டு, வெட்டுவாயில் சாம்பல் தடவி நடுவார்கள். சிறியதை முழுதாகவே நடுவார்கள். மழைக்கு முன்பே நட்டால் குவியலின் தலையில் காய்ந்த புல்லையோ இலையையோ வைத்து மண்ணால் அமர்த்த வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் அவிந்துவிடும். முளை வந்ததும் கொம்பு ஊன்றி, கொடியை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துச் சுற்றி விட வேண்டும். இளங்கொடி ஒடிந்தால் அந்தக் குவியலின் கிழங்கு சிறுத்துப் போகும். குவியலின் சரிவில் வீட்டுப் பெண்கள் மக்காச்சோளம், வெண்டை, விதைக்காக வளர்க்கும் தர்பூசணி வகையான எகுசி, மரவள்ளி என்று ஊன்றிவிடுவார்கள். களையெடுப்பு இரண்டு, மூன்று தடவை.

ஆகஸ்ட் வாக்கில் முதல் அறுவடை. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. குவியலின் ஒரு பக்கத்தை மட்டும் திறந்து, கொடியும் வேரும் கலையாமல் கிழங்கைத் தலைக்குக் கீழே அறுத்து எடுத்துக்கொண்டு மண்ணை மூடிவிடுவார்கள். பச்சைக் கொடி விட்ட இடத்தில் மறுபடி சிறு கிழங்குகளை இறக்கும். அவைதான் அடுத்த வருட விதை. தின்பதற்கும் விதைக்கும் ஒரே குவியலில் வழி செய்திருக்கிறார்களே, எவ்வளவு கூர்ந்து கவனித்திருந்தால் இது கைவந்திருக்கும்! மற்ற குவியல்களைக் கொடி காய்ந்த பிறகு நவம்பர், டிசம்பரில் தோண்டுவார்கள்.

தோண்டிய கிழங்கை எங்கே வைப்பார்கள்?

ஓபாவில். கூரை போட்ட அறையாக அதை நினைக்க வேண்டாம். நிழலில், காற்றோட்டமாக, வேலி அடைத்த திறந்தவெளி. உள்ளே வரிசையாக நெடுங்கம்பங்கள். பல இடங்களில் ஊன்றினால் துளிர்க்கும் மரத்தின் கொம்புகளையே நடுவதால் நாளடைவில் அவையே நிழலும் தரும். கட்டுவது இரண்டு ஆள் வேலை. ஒருவர் கிழங்கின் மண்ணைத் தட்டி எடுத்துக் கொடுப்பார். மற்றவர் அதைக் கம்பத்தோடு அணைத்துப் பிடித்து, ராஃபியா என்ற பனைவகையின் நாரைச் சுற்றி இறுக்கி, அதே நாரை அறுக்காமல் அடுத்த கிழங்குக்குக் கொண்டுபோவார். கீழிருந்து மேலே ஆள் உயரத்தைத் தாண்டி ஏறும். மண்வெட்டி பட்ட கிழங்கு அழுகும், பக்கத்துக் கிழங்கையும் கெடுக்கும். அதைக் கட்டமாட்டார்கள், முதலில் சமைத்துவிடுவார்கள். கட்டிய பிறகும் அடிக்கடி வந்து தடவிப் பார்த்து, முளை விட்டால் கிள்ளி எறிய வேண்டும். கவனமாகப் பார்த்துக்கொண்டால் நாலைந்து மாதம் தாங்கும்.

பெண் கேட்டு வருபவர்கள் ஓபாவைப் பார்த்தே குடும்பத்தை எடைபோட்ட காலம் உண்டு.

விதைக்கிழங்கு மண்ணுக்குள் போன பிறகு, புதுக்கிழங்கு வரும்வரை என்ன சாப்பிடுவார்கள்?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை ஓபா காலியாகிக்கொண்டே வரும். வேலையோ அப்போதுதான் அதிகம். இந்தப் பசிக்காலத்தை உன்வு என்கிறார்கள். இக்போ தோட்டத்தில் ஏன் இத்தனை வகைப் பயிர், ஏன் எல்லாம் கலந்து கிடக்கிறது என்று கேட்பவர்கள் இந்த நாலு மாதத்தை மனதில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மரவள்ளியை வேண்டும்போது பிடுங்கிக்கொள்ளலாம், மண்ணுக்குள்ளேயே காத்திருக்கும். சேம்பு நிழலிலும் வரும். அதை வேகவைத்து உலர்த்தி வைத்தால் பசிக்காலத்துக்கு ஆகும். எனுகு பக்கத்தில் அந்த உலர்ந்த சேம்பை அச்சிச்சா என்று சொல்லி ஃபியோஃபியோவோடு சேர்த்துச் சமைப்பார்கள். ஃபியோஃபியோ வேறொன்றுமில்லை, நம் துவரைதான். உக்வா காய் பழுத்துத் தானே விழும், தலையில் விழுந்தால் ஆள் பிழைக்கமாட்டார். அதை அழுக விட்டு, கழுவி, கொட்டையை எடுத்துக் கஞ்சியாகச் சமைப்பார்கள். ஜூனில் மக்காச்சோளம் முற்ற ஆரம்பிக்கும். சரியாக அதே நேரத்தில் ஊதா நிற உபேயும் பழுக்கும். சுட்ட சோளத்தை ஒரு கடி, அனலில் வாட்டிய உபேயை ஒரு கடி என்று சாப்பிட்டால் வயிறும் நிறையும், வெண்ணெய் போன்ற கொழுப்பும் கிடைக்கும். ஊரே தெருவோரம் நின்று அதைத்தான் தின்றுகொண்டிருக்கும். இவற்றோடு உகு கீரையும் கசப்பிலையும் எப்போதும் உண்டு.

இவற்றில் பெரும்பாலானவை பெண்கள் நட்டவை, பெண்கள் பக்குவப்படுத்துபவை. வள்ளிக்குத் திருவிழா எடுக்கிறார்கள், எடுக்கட்டும். ஆனால் அந்தத் திருவிழா வரைக்கும் வீட்டை உயிரோடு கொண்டுவந்து சேர்ப்பது சேம்பும் மரவள்ளியும்தான்.

மரவள்ளியில் நஞ்சு இருக்குமே?

இருக்கும். அதனால்தான் இவ்வளவு வேலை. தென்னமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்த பயிர் இது. இக்போ பகுதிக்குள் நன்றாக வேரூன்றியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். 1918-ன் விஷக்காய்ச்சலில் வேலை செய்யும் கைகள் குறைந்தபோது பாடு குறைவான இந்தப் பயிருக்கு மக்கள் மாறினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். திருவிதாங்கூரிலும் அரிசிக்குக் கைகொடுக்க இதே செடிதான் பரப்பப்பட்டது.

மரவள்ளியை வறுத்த மாவாக்கி வைப்பதுதான் காரி. அதைச் செய்யும் முறை இது: தோலுரித்துக் கழுவிய கிழங்கை மாவாகத் துருவி, சாக்கில் கட்டி, மேலே கல்லோ திருகோ வைத்து அழுத்துவார்கள். இரண்டு, மூன்று நாளில் நஞ்சுச் சாறு வடிந்து மாவு புளிக்கும். கட்டியை உதிர்த்துச் சலித்து, அகலமான இரும்புச் சட்டியில் கொஞ்சம் பனையெண்ணெய் தடவி வறுப்பார்கள். வறுப்பவர் ஒரு பக்கமாக உட்கார்ந்து, உடைந்த சுரைக்குடுவைத் துண்டால் மாவைச் சட்டியில் தேய்த்துத் தேய்த்துத் தள்ளிக்கொண்டே இருப்பார். கை நின்றால் கட்டி பிடித்துவிடும். புகையும் புளித்த ஆவியும் நேராக முகத்தில் அடிக்கும். மாவு மணல் போலக் கலகலவென்று ஓசை கொடுத்ததும் இறக்குவார்கள். கொதிநீர் ஊற்றிக் கிளறினால் களி, பச்சைத் தண்ணீரில் போட்டால் அவசரப் பசிக்கு உணவு. இப்போது துருவுவதற்கு எல்லா ஊரிலும் இயந்திரம் வந்துவிட்டது, வறுப்பது இன்னும் பெண்கள் கையில்தான்.

எண்ணெய்ப்பனையை யார் பார்த்துக்கொள்வார்கள்?

மலேசியத் தோட்டங்களில் தமிழர்கள் குலை வெட்டினார்களே, அந்த மரத்தின் தாய்வீடு இந்த மேற்கு ஆப்பிரிக்கப் பூமிதான். ஆண்கள் கயிற்று வளையத்தை இடுப்பில் மாட்டி ஏறிக் குலையை வெட்டுவார்கள். பெண்கள் பழத்தை வேகவைத்து, இடித்து, நாரைப் பிழிந்து சிவப்பு எண்ணெய் எடுப்பார்கள். எண்ணெய்ப் பணம் வீட்டுத் தலைவருக்கு, கொட்டையை உடைத்து எடுக்கும் பருப்பு பெண்ணுக்கு என்பது பல ஊர்களின் பழைய பங்கீடு. கள்ளும் இந்த மரத்திலும் ராஃபியாவிலும்தான் இறக்குகிறார்கள்.

பெண்களுக்கு நிலத்தில் உரிமை உண்டா?

மரபுப்படி கணவன் வழியாகப் பயிர் செய்யும் உரிமை உண்டு, நிலம் சொந்தமாகாது. மகளுக்குத் தந்தை சொத்தில் பங்கில்லை என்ற இக்போ வழக்கம் அரசியலமைப்புக்கு முரணானது என்று நைஜீரிய உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்தது. ஊருக்குள் அது முழுதாக இறங்கவில்லை.

ஆனால் இந்தப் பெண்கள் வாய்மூடி இருந்தவர்கள் அல்ல. 1929 நவம்பரில் ஒலொகோ ஊரில் ந்வான்யெருவா என்ற பெண் வீட்டில் பனையெண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தார். ஆங்கிலேயர் நியமித்த ஊர்த்தலைவரின் ஆள் வந்து ஆட்டையும் ஆட்களையும் எண்ணிச் சொல்லச் சொன்னான். எண்ணுவது வரி போடத்தான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. உன் தாயை எண்ணினார்களா என்று திருப்பிக் கேட்டார். அங்கே ஆரம்பித்தது பல்லாயிரம் பெண்கள் திரண்ட பெண்கள் போர். எண்ணெய் விலை விழுந்து வீடுகள் தவித்த வருடம் அது. துப்பாக்கிச் சூட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். பெண்களுக்கு வரி வரவில்லை, அந்த ஊர்த்தலைவர் முறையும் பிறகு ஒழிந்தது.

சந்தை எப்போது கூடும்?

இக்போ வாரத்துக்கு நான்கு நாள்: எகே, ஓரியே, அஃபோ, ங்க்வோ. சந்தைகள் இந்த நாட்களின் பெயரிலேயே இருக்கும். எகே ஔகா, அஃபோ ந்நோபி, ங்க்வோ ந்நேவி என்றால் எந்த நாள், எந்த ஊர் இரண்டும் தெரிந்துவிடும். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் வெவ்வேறு நாளை எடுத்துக்கொள்வதால் விற்பவர் ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு சந்தைக்குப் போகலாம். நான்கில் ஒரு நாள் மண்ணைக் கொத்தக்கூடாது என்ற கட்டுப்பாடும் பல ஊர்களில் உண்டு.

புது வள்ளித் திருவிழா என்றால் என்ன?

ஆகஸ்ட் முதல் ஊருக்கு ஊர் வேறு வேறு நாளில் வரும் இரி ஜி. மூத்தவரோ ஊர்த்தலைவரோ முதல் கிழங்கைச் சுட்டு, நிலத்தாய்க்கும் வள்ளித் தெய்வமான அஹியாஜோகுவுக்கும் முன்னோர்க்கும் படைத்து, சிவப்பு எண்ணெயில் தொட்டு உண்பார். அதற்கு முன் புதுக்கிழங்கை மற்றவர் தொடக்கூடாது. தேவாலயம் போகும் குடும்பங்கள் ஜெபத்தோடு கொண்டாடுகின்றன. இமோ மாநில அரசு 1979-ல் தொடங்கிய அறிஞர் சொற்பொழிவுத் தொடருக்கும் அந்தத் தெய்வத்தின் பெயரைத்தான் வைத்தது.

1967–70 போரில் இந்தத் தோட்டங்களுக்கு என்ன ஆனது?

இக்போ மக்கள் பெரும்பான்மையாக இருந்த கிழக்கு நைஜீரியா பியாஃப்ரா என்ற பெயரில் தனிநாடாகப் பிரிந்தபோது நைஜீரிய அரசு சுற்றி வளைத்து உணவு வரும் வழிகளை அடைத்தது. சுருங்கிக்கொண்டே வந்த பகுதிக்குள் அகதிகள் குவிந்தார்கள். மரவள்ளி கிடைத்த இடத்தில்கூடக் கருவாடும் இறைச்சியும் கிடைக்கவில்லை. புரதமில்லாமல் வயிறு வீங்கிய குழந்தைகளின் படங்களை உலகம் பார்த்தது அப்போதுதான். பட்டினியில் இறந்தவர்கள் லட்சக்கணக்கில். இன்றைய தாத்தா பாட்டிகள் ஒரு துண்டுக் கிழங்கைக்கூட வீணாக விடமாட்டார்கள் என்றால் அதற்கு இதுதான் காரணம்.

இளைஞர்கள் விவசாயத்தில் இருக்கிறார்களா?

குறைவு. பள்ளி முடிந்ததும் படிக்கவோ, ஓனிட்ஷா, லாகோஸ் போன்ற ஊர்களில் கடைக்காரரிடம் வேலை பழகவோ போய்விடுகிறார்கள். டிசம்பரில் எல்லோரும் ஊர் திரும்புவார்கள். வீடு கட்டுவார்கள், கல்யாணம் நடக்கும், ஜனவரியில் வளவு மறுபடி காலியாகும். நிலத்தில் நிற்பது வயதானவர்களும் பெண்களும்தான்.

மற்ற தொல்லைகளும் இருக்கின்றன. அனம்ப்ராவின் அகுலு, நன்கா பக்கம் மழைநீர் அரித்த பள்ளங்கள் வீட்டையும் நிலத்தையும் விழுங்கியிருக்கின்றன. வடக்கிலிருந்து மேய்ப்பவர்கள் ஓட்டிவரும் மாடுகள் பயிரை மேய்வதால் வரும் மோதல்களில் உயிர்கள் போகின்றன. பயந்துபோய் தூரத்து நிலத்தைத் தரிசாக விட்ட குடும்பங்கள் உண்டு.

விதைச் சிக்கலுக்கு வழி ஏதும் கண்டுபிடித்திருக்கிறார்களா?

அபியா மாநிலம் உமுடிகேயில் உள்ள தேசிய கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் சிறுதுண்டு முறையைப் பரப்பியது. ஒரு கிழங்கை இரண்டு, மூன்று துண்டாகப் போடுவதற்குப் பதில், ஒவ்வொன்றும் 25 கிராம் அளவில், தோலின் ஒரு பகுதி கட்டாயம் இருக்கும்படி நறுக்க வேண்டும். மருந்தோ சாம்பலோ தடவி, ஈரமான மரத்தூளில் முளைக்க வைத்து, வரப்பில் நெருக்கமாக நடலாம். ஒரு கிலோ கிழங்கிலிருந்து முப்பது, நாற்பது விதைக்கிழங்கு வரை எடுக்கலாம். சிறு துண்டு சுலபமாக அழுகும் என்பதால் ஆரம்பத்தில் நறுக்கப் பயந்தவர்கள் அதிகம், இன்றும் எல்லோரும் செய்வதில்லை. ஆனால் விதை வாங்கக் காசில்லாத பெண்கள் நாலு கிழங்கில் தொடங்கித் தங்களுக்கென்று ஒரு வள்ளி வயலை வைத்துக்கொள்ள இந்த முறையால் முடியும்.